மனித உரிமைச் சட்டமும் அதன் எல்லையும்

மனித உரிமைச் சட்டத்தைப் பயில்வோர் பெரும்பாலும் 1948-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாளிலிருந்து தொடங்குவர். பாரிஸ் நகரில் உலகப் பிரகடனம் நிறைவேறிய நாள் அது. ஆயினும், அச்சட்டத்தின் ஆற்றலையும் எல்லையையும் ஒருங்கே உணர விரும்புவோர் இரண்டாண்டு முன்னே செல்லுதல் வேண்டும். அங்கே நம்மவர் வழக்கு ஒன்று நிற்கிறது.

1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட 'டுரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதற் கப்பல் இதுவே. பின்னர்ச் சென்றோருள்ளும் தமிழர் பலர். ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்கி, நிலம் வாங்கி, கடை வைத்து அவர்கள் வாழலாயினர். அவர்தம் வழியினர் நிலம் வாங்குவதையும் விரும்பிய இடத்தில் குடியிருப்பதையும் 1946-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்திற்று. அதனை எதிர்த்து டாக்டர் மாண்டி நாயக்கர் முதலியோர் அறப்போர் தொடங்கினர். ஏறத்தாழ 2,000 பேர் சிறை புகுந்தனர்.

அவ்வாண்டே இந்திய அரசு இவ்வழக்கை ஐக்கிய நாட்டுச் சபையில் வைத்தது. இந்தியக் குழுவின் தலைவி திருமதி விஜயலட்சுமி பண்டிட். எதிர்த்து நின்றவர் தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ். சபைச் சாசனத்தின் முன்னுரையில் மனித உரிமையைப் பற்றிய சொற்கள் இடம்பெற உழைத்தவரும் இவரே! "இஃது எம் உள்நாட்டு விவகாரம், பிறர் தலையிடலாகாது" என்பதே அவர் வாதத்தின் சாரம். சாசனத்தின் இரண்டாம் விதி ஏழாம் பிரிவு அவருக்குத் துணை நின்றது. மனித உரிமைகளை மதிக்க வேண்டும் என்னும் 55, 56-ஆம் விதிகள் இந்தியாவுக்குத் துணை நின்றன. ஒரே சாசனம் இரு தரப்புக்கும் படைக்கலம் தந்தது.

டிசம்பர் 8-ஆம் நாள் 32 நாடுகள் இந்தியாவின் பக்கமும், 15 நாடுகள் எதிர்ப்பக்கமும் வாக்களித்தன. 7 நாடுகள் நடுநிலை வகித்தன. மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே மேற்பட்ட வெற்றி! ஆனால் விளைந்தது என்ன? தீர்மானத்தை நிறைவேற்றும் கை சபைக்கு இல்லை. 1947-இல் மனித உரிமை ஆணையமே, தனிமனிதர் முறையீடுகளின்மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் தனக்கு இல்லை என்று கூறிவிட்டது. 1948-இல் உலகப் பிரகடனத்தின்போது நடுநிலை வகித்த எட்டு நாடுகளுள் தென்னாப்பிரிக்காவும் ஒன்று. 1950-இல் இனவாரியாகக் குடியிருப்பைப் பிரிக்கும் மேலும் கொடிய சட்டம் அங்கே வந்தது.

நீதிமன்றமேனும் துணை நின்றதா? தென்மேற்கு ஆப்பிரிக்காவில் அந்நாடு நடத்திய இனப் பாகுபாட்டை எதிர்த்து எத்தியோப்பியாவும் லைபீரியாவும் 1960-இல் அனைத்துலக நீதிமன்றம் சென்றன. 1966-இல் நீதிபதிகள் ஏழுக்கு ஏழாகப் பிரிந்தனர். தலைவரின் தீர்மானிக்கும் வாக்கால், வழக்காட அந்நாடுகளுக்குச் சட்ட உரிமை இல்லையென்று வழக்குத் தள்ளுபடியாயிற்று. குற்றம் உண்டா இல்லையா என்னும் வினா விடையின்றியே போயிற்று.

அவ்வாறாயின் இச்சட்டம் வெறும் ஏட்டுச் சுரைக்காயா? அவ்வாறு முடிவு செய்வதும் பொருந்தாது. ஓர் அரசு தன் குடிமக்களை நடத்தும் முறை உலகத்தின் கேள்விக்கு உட்பட்டது என்னும் கொள்கைக்கு 1946-ஆம் ஆண்டு வாக்கு வழி திறந்தது. அவ்வழியே 1973-இல் நிறவெறியைக் குற்றமாக வகுத்த உடன்படிக்கையும், 1977-இல் தென்னாப்பிரிக்காவுக்கு ஆயுதம் விற்பதற்குக் கட்டாயத் தடையும் வந்தன. முதல் தீர்மானத்துக்கும் இத்தடைக்கும் இடையே 31 ஆண்டுகள்! எல்லா இனத்தாரும் வாக்களித்த தேர்தல் 1994-இல் நடந்தது. அதனை ஈட்டியவர் முதலில் அந்நாட்டு மக்களே. தெருவிலும் சுரங்கத்திலும் சிறையிலும் போராடியவர்கள் அவர்கள். சட்டம் அவர்களுக்கு வாள் ஆகவில்லை. அவர்கள் பட்டது அநீதி என்பதற்கு உலகின் சான்றாயிற்று.

ஆதலின் மாணவர்க்கு இச்சட்டத்தைக் கற்பிப்போர் பிரகடனத்தின் விதிகளை மனப்பாடம் செய்விப்பதோடு நிறுத்துதல் போதாது. எந்த விதியை யார் நிறைவேற்றுவர், நிறைவேற்ற மறுத்தால் என் செய்வர் என்னும் வினாக்களையும் உடன் கற்பித்தல் வேண்டும். அவ்வினாக்களை அறியாதவன் சட்டத்தை மிகையாக நம்பி ஏமாறுவான். அல்லது அதனை முற்றும் வெறுத்துக் கைவிடுவான். இரண்டும் கொடுமை செய்வோர்க்கே வாய்ப்பாகும்.