மாவட்ட மருத்துவமனையில் ஒரு குழந்தைக்கு மயக்கம் கொடுப்பவர் யார்?

பிரிட்டனில் குழந்தை அறுவை மருத்துவம் தனித்துறையாக வளர்ந்தது பெருநகரங்களில்தான். லண்டனில் டெனிஸ் பிரவுன் குழந்தைகளுக்கு மட்டுமே அறுவை செய்தார். லிவர்பூலில் இசபெல்லா ஃபோர்ஷாலும் பீட்டர் ரிக்கமும் 1953இல் பச்சிளம் சிசுக்களுக்கென்றே ஒரு பிரிவு தொடங்கினார்கள். உணவுக்குழாய் அடைபட்டுப் பிறக்கும் சிசு அபூர்வம்; அப்படிப்பட்டவர்களை ஓரிடத்தில் சேர்த்தால்தான் மருத்துவருக்குக் கை பழகும். ஆனால் குடலிறக்கம், இறங்காத விதை போன்றவற்றை வெளியூர் மாவட்ட மருத்துவமனைகளின் பொது அறுவை மருத்துவர்களே பார்த்துவந்தார்கள். இரைப்பையின் கீழ்வாய் தடித்துப் பால் முழுவதையும் பீய்ச்சி வாந்தியெடுக்கும் சில வாரக் குழந்தையும் அவர்களிடம்தான் வந்தது. தடித்த தசையை மட்டும் நீளவாக்கில் கீறி, உட்சவ்வைத் தொடாமல் விடுவது ராம்ஸ்டெட் 1912இல் வெளியிட்ட முறை. கத்தி வேலை சில நிமிடம்தான். வாந்தியில் இழந்த நீரையும் உப்பையும் முன்கூட்டியே ஈடுகட்டி, வயிற்றைக் காலிசெய்து, அந்தச் சிற்றுடலுக்கு மயக்கம் கொடுப்பதில்தான் உயிர் தொங்குகிறது.

அறுவையை ஒட்டிய இறப்புகளை ஆராயும் தேசிய ரகசிய விசாரணை, பத்து வயதுக்குட்பட்டோரின் இறப்புகளை எடுத்துக்கொண்டு 1989ஆம் ஆண்டுக்கான அறிக்கையைத் தந்தது. அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் எப்போதாவது ஒரு குழந்தையைத் தொடும் பழக்கம் கூடாது என்றது. எச்சரிக்கை நியாயமானது. அதற்குக் கிடைத்த பதிலில்தான் கோளாறு. எப்போதாவது செய்பவரை அடிக்கடி செய்பவராக்க ஒரு வழி இருந்தது. செய்யாமலே விட்டுவிடுவது மற்றொரு வழி. எளிதாக இருந்தது இரண்டாவது. மூத்த பொது அறுவை மருத்துவர்கள் ஓய்வுபெற, அவர்களிடத்துக்கு வந்தவர்களுக்குக் குழந்தைகளிடம் பயிற்சி இல்லை. குழந்தைகள் வருவது குறையக் குறைய, மயக்க மருத்துவரின் பழக்கமும் விட்டுப்போனது.

எண்ணிக்கை கூடும் இடத்தில் பலன் கூடும், ஆகவே எல்லாவற்றையும் பெருநகர மையத்துக்கே அனுப்பலாமே என்பார்கள். சிசுவின் உணவுக்குழாய்க்கு அது பொருந்தும். நள்ளிரவில் விதை முறுக்கிக்கொண்ட பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் பொருந்தாது: சுமார் ஆறு மணி நேரத்துக்குள் முறுக்கை அவிழ்க்காவிட்டால் அந்த விதை தப்பும் வாய்ப்பு வேகமாகக் குறையும், ஆம்புலன்ஸ் பயணமும் அந்தக் கணக்கில்தான் சேரும். சிற்றூருக்கு ஒரு நிபுணரை நிரந்தரமாக அமர்த்தினால் அவருக்குப் போதிய வேலை இராது, கை மழுங்கும் என்ற மறுப்பு இன்னும் வலுவானது. அதனால்தான் நிபுணரை அங்கே குடியேற்ற நான் சொல்லவில்லை. மையத்து மருத்துவர் முறைவைத்து மாவட்டத்துக்குப் போய் ஒரு நாள் முழுக்கக் குழந்தைகளுக்கு மட்டும் அறுவை செய்தால், உள்ளூர் மயக்க மருத்துவருக்கும் செவிலியருக்கும் பழக்கம் விடாது. அவசர இரவில் கைகொடுப்பதும் அந்தப் பழக்கமே. தனித்தனி மருத்துவமனைகளை ஒன்றோடொன்று பிணைக்க வேண்டும் என்பதை 2011இல் அதே விசாரணைக் குழு வலியுறுத்த வேண்டியிருந்தது. பணம் ஒதுக்குவோர் முதலில் ஒதுக்க வேண்டியது அந்த ஒரு நாளுக்குத்தான்; புதிய கட்டடம் பிறகு வரட்டும்.