செவிலியத்தின் வாசலில் நின்றவர்கள்: எகிப்தின் ஹகீமாக்கள்

இஸ்லாமிய வரலாற்றில் செவிலியப் பணியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் ருஃபைதா அல் அஸ்லமிய்யா (ரலி) அவர்களை நினைவுகூர்வது வழக்கம். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு நடைபெற்ற அகழ்ப்போரில் அம்பு தைத்துக் காயமுற்ற சஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள், மதீனாவில் அப்பெண்மணி அமைத்திருந்த கூடாரத்திற்கே கொண்டு செல்லப்பட்டார். உம்மு அத்திய்யா (ரலி) ஏழு போர்களில் உடன் சென்று காயமுற்றோருக்கு மருந்திட்டார். இவை நாம் பெருமையுடன் எடுத்துரைக்கும் செய்திகள். ஆயின், இப்பெருமைக்குரிய பணியைக் கற்பிப்பதற்கென முஸ்லிம் நாடொன்று கல்விக்கூடம் அமைத்தபோது அதன் வாசலில் முதலில் வந்து நின்றவர்கள் யாவர்? இவ்வினாவுக்கான விடை நம் பெருமிதத்தைச் சற்றே தணிக்கக் கூடியது.

எகிப்தை ஆண்ட முஹம்மது அலீ பாஷா, தம் படையினரின் உடல்நலனைக் கருதி, 1827இல் அபூ ஸஅபல் என்னுமிடத்தில் மருத்துவப் பள்ளியொன்றை நிறுவினார். பிரெஞ்சு மருத்துவர் குலோத் பே அதனைத் தலைமையேற்று நடத்தினார். படைவீரரிடையே பரவிய பால்வினை நோயும், குழந்தைகளைக் கொள்ளைகொண்ட அம்மையும் ஆண் மருத்துவர்களால் மட்டும் கட்டுப்படுத்த இயலாதவை என்பது விரைவில் புலப்பட்டது. அந்நிய ஆடவர் நுழைய இயலாத இல்லங்களுக்குள் மருத்துவம் செல்ல வேண்டுமாயின், அதனைக் கற்ற பெண்கள் வேண்டும். இத்தேவையிலிருந்தே 1832இல் மருத்துவச்சியர் பள்ளி பிறந்தது.

பள்ளி திறந்தது, மாணவியர் வரவில்லை. எகிப்தியக் குடும்பங்கள் தம் பெண்மக்களை அங்கு அனுப்ப முன்வரவில்லை. எனவே அரசு கெய்ரோவின் அடிமைச் சந்தையை நாடியது. விலைக்கு வாங்கப்பட்ட அபிசீனிய, சூடானியச் சிறுமியர் பத்துப் பேர் அளவில் முதல் மாணவியராயினர். பின்னர், மருத்துவமனையில் பிணி தீர்ந்தும் செல்லுமிடமற்றிருந்த அநாதைச் சிறுமியர் சேர்க்கப்பட்டனர். மேன்மக்கள் மறுத்த கல்வி, யாருமற்றவர்களின் கைக்குச் சென்றது.

அக்கல்வி எளியதன்று. எழுத்தறியாதவர்களாய் வந்த அவர்களுக்கு முதலில் அரபு மொழியில் எழுதவும் படிக்கவும் கற்பிக்கப்பட்டது. அதன் பின்னரே மகப்பேறு, காயங்களுக்குக் கட்டுப்போடுதல், அம்மை குத்துதல், மருந்து தயாரித்தல் ஆகியன பயிற்றப்பட்டன. தாய்மொழி வேறாயிருந்தோரும் ஒரே பாடத்தைக் கற்க இயன்றமைக்கு, எழுத்தறிவை முதற்படியாக வைத்த அந்த ஏற்பாடே காரணம் என்று நாம் கருதுகிறோம்.

பயிற்சி முடித்தவர்கள் 'ஹகீமா' என அழைக்கப்பட்டனர். அரசு அவர்களுக்குப் படைத்துறைத் தகுதிநிலையும் ஊதியமும் வழங்கியது. அவர்கள் அம்மை குத்தினர். பெண்களின் இறப்பை ஆராய்ந்து சான்றளித்தனர். பெண்கள் சம்பந்தப்பட்ட வழக்குகளில் உடற்சோதனை செய்து அறிக்கை தந்தனர். சந்தையில் விலைபேசப்பட்ட சிறுமியின் சொல் சட்டத்தின் முன் சான்றாயிற்று.

எனினும் இதனை முழு விடுதலை எனல் பொருந்தாது. பள்ளியில் சேர்வது அவர்களின் விருப்பமன்று. மணமகனைக்கூடப் பெரும்பாலும் அரசே தேர்ந்தது. மக்களோ பிள்ளைப்பேற்றிற்குத் தமக்குப் பழக்கமான 'தாயா' எனும் நாட்டு மருத்துவச்சியரையே நாடினர். அத்தாயாக்களைக் கண்காணிக்கும் பொறுப்பு ஹகீமாக்களிடம் ஒப்படைக்கப்பட்டமையால் மனக்கசப்பும் விளைந்தது. ஒரு சாராருக்குத் திறந்த கதவு மறுசாராரின் அனுபவ அறிவைப் புறந்தள்ளியதையும் நாம் மறைத்தல் ஆகாது.

1882இல் பிரிட்டிஷார் எகிப்தைக் கைப்பற்றிய பின் நிலைமை மாறியது. மருத்துவக் கல்வியின் மொழி அரபியிலிருந்து ஆங்கிலமாயிற்று. மருத்துவருக்கு அடங்கிப் பணிபுரிபவரே செவிலி என்னும் ஐரோப்பியக் கருத்து வேரூன்றியது. ஓரளவு மருத்துவராகவே இயங்கிய ஹகீமாவின் பணியெல்லை சுருங்கியது. அந்நியராட்சி பெண்களுக்குக் கல்வியளித்து உயர்த்தியது என்னும் பொதுக்கூற்று இங்குத் தலைகீழாகிறது.

இதற்கெல்லாம் பல நூற்றாண்டுகள் முன்னரே, 1284இல், அதே கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மன்சூரி மருத்துவமனை, ஆண்-பெண், செல்வர்-வறியோர் என்னும் வேறுபாடின்றி அனைவருக்கும் திறந்திருந்தது. நோயாளியை ஏற்பதில் நம் முன்னோர் காட்டிய பரந்த உள்ளம், நோயாளியைப் பேணுபவரை மதிப்பதில் பின்வந்தோரிடம் வெளிப்படவில்லை. இவ்விடைவெளியே நம் சிந்தனைக்குரியது.

நம் வீட்டுப் பெண்கள் நோயுற்றால் பெண் செவிலியரே வேண்டும் என நாம் கோருகிறோம். நம் மகள் செவிலியம் பயில விழைந்தால் தயங்குகிறோம். கோரிக்கையும் தயக்கமும் ஒரே உள்ளத்தில் குடியிருக்கையில், அப்பணியின் சுமை எப்போதும் பிறர் மகளின் தோளிலேயே விழும். அபூ ஸஅபலின் அச்சிறுமியர் சுமந்ததும் இதனையே. ருஃபைதா (ரலி) அவர்களின் பெயரைப் போற்றும் நாம், அவர்களின் பணியையும் நம் இல்லத்திற்குரியதாக ஏற்கும் நாளில்தான் அப்போற்றுதல் நிறைவுபெறும்.