இடது கை பழகிய வரலாறு



சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கும் பிள்ளைகள் எங்களிடம் அடிக்கடி கேட்பது இது: "பதினாறு வயசாகிட்டு, இனிக் கீபோட் பழக ஏலுமா?"

கேட்கும் பிள்ளைகளில் பலர் ஏற்கெனவே போனிலோ, சின்னக் கீபோட்டிலோ ஒரு பாட்டின் மெட்டை வலது கையால் தட்டிப் பழகியிருப்பார்கள். அதோடு நின்றிருப்பார்கள். இடது கை மடியிலேயே கிடக்கும். நமது பகுதியில் மட்டுமல்ல, தமிழ் பேசும் உலகம் முழுக்க இதே கதைதான். இது பிள்ளைகளின் சோம்பல் இல்லை. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம்.

திருகோணமலை நகரில் ஆங்கிலேயர் காலத்துச் சேமக்காலை ஒன்று இருக்கிறது. சார்ள்ஸ் ஒஸ்டின் என்ற கடற்படைத் தளபதி அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1852 ஒக்டோபரில், பர்மாப் போரின்போது, ஐராவதி ஆற்றில் கப்பலிலேயே கொலராவால் இறந்தவர். ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் கடைசித் தம்பி. இவ்வளவும் நம்மில் பலர் கேள்விப்பட்டதுதான். ஆனால் அந்த அக்கா வாழ்நாள் முழுக்கப் பியானோ பழகியவர் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வின்செஸ்டர் தேவாலயத்தின் உதவி ஓர்கன் வாசிப்பாளரிடம் பாடம் கேட்டார். இருபது வயதிலும் பாடத்தை விடவில்லை. பிற்காலத்தில் சோட்டன் கிராமத்தில் வாழ்ந்தபோது, வீட்டாருக்குத் தொந்தரவு இல்லாமல் காலை உணவுக்கு முன்பே உட்கார்ந்து வாசித்தார். இசைத்தாள்களைத் தன் கையாலேயே பிரதி எடுத்து வைத்தார். மேடையேறிக் கச்சேரி செய்யவில்லை. தினமும் பழகினார், அவ்வளவுதான்.

அவர் வாசித்த காலத்தில் பியானோவுக்கு நூறு வயதுதான். 1700 அளவில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் கிறிஸ்தோபோரி என்பவர் செய்த கருவி அது. மெதுவாகத் தொட்டால் மெல்லிய ஓசை, அழுத்தித் தொட்டால் பலத்த ஓசை. பெயரின் பொருளும் அதுவே. இன்றைய பியானோவில் 88 கட்டைகள்: 52 வெள்ளை, 36 கறுப்பு. பார்த்தால் மலைப்பாக இருக்கும். உண்மையில் ஏழு வெள்ளையும் ஐந்து கறுப்புமாகப் பன்னிரண்டு கட்டைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன.

கட்டைகளை விட விரல்களைப் பழக்குவதுதான் கடினம். அந்தக் காலத்து வித்துவான்களே பெருவிரலை ஒதுக்கி வைத்திருந்தார்கள். தூரத்துக் கட்டையை எட்ட வேண்டிய இடத்தில் மட்டும் அதைப் பயன்படுத்துவார்களாம். தன் தந்தை இளவயதில் அப்படிப்பட்ட வாசிப்பைக் கேட்டதாக 1753இல் சொன்னவர் காரல் பிலிப் இமானுவேல் பாக். பெருவிரலுக்குச் சரியான இடத்தைக் கொடுத்து விரலோட்டத்தை விளக்கிய முக்கியமான நூல் அவருடையது. இன்று தொடக்கப் பாடத்திலேயே பெருவிரல் 1, சின்னவிரல் 5 என்று விரல்களுக்கு இலக்கம் கொடுத்துவிடுகிறார்கள்.

விரலை வைத்துச் சுரத்தைச் சொல்வது நமக்கு அந்நியமானதும் அல்ல. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்கிந்தி 'ஊத்' கருவியைப் பற்றி எழுதினார். அந்தக் காலத்து அரபு இசை நூல்களில், தந்தியில் விரல் விழும் இடத்துக்கு அந்த விரலின் பெயரே சுரத்தின் பெயர்: ஸப்பாபா, வுஸ்தா, பின்ஸிர், கின்ஸிர். மத்ரஸாவில் அரபு படிக்கும் பிள்ளைக்கு இந்தச் சொற்கள் தெரியும். பத்தாம் நூற்றாண்டில் அல்பாராபி இசைக்கென்றே பெரிய நூல் ஒன்று எழுதினார்.

அப்படியானால் நம் இடது கை எங்கே நின்றுபோனது?

பியானோ நம் சீதோஷ்ணத்துக்கு ஒத்துவராத பொருள். கடற்காற்றில் கம்பி துருவேறும், ஈரத்தில் மரம் ஊதும், சுருதி கலையும். விலையும் எட்டாது. அதனால் தமிழ் மக்களின் கைக்குப் பரவலாக வந்த கட்டை வாத்தியம் ஆர்மோனியம்தான். 1842இல் பாரிஸில் தெபேன் என்பவர் காப்புரிமை பெற்ற ஆர்மோனியத்துக்குக் காற்றடித்தது கால்கள். இரண்டு கைகளும் வாசிக்கச் சும்மா இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதைத் தரையில் உட்கார்ந்து வாசிக்கும் சிறு பெட்டியாக மாற்றினார். துருத்தி பின்பக்கம் போயிற்று. காற்றடிக்கும் வேலை இடது கைக்கு வந்தது.

நாடகக் கொட்டகையிலும் பஜனையிலும் இஸ்லாமியப் பாடல் கச்சேரியிலும் அந்தப் பெட்டி புகுந்தது. கமகம் வராது என்ற குற்றச்சாட்டில் 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி அதைத் தடை செய்திருந்தது. அதையும் தாண்டி மக்களிடம் நிலைத்தது. நம் பாட்டும் ஒற்றை மெட்டாகப் போவது, ஒரு கை போதும். ஆகவே தலைமுறை தலைமுறையாக வலது கை பாடியது, இடது கை துருத்தி அமுக்கியது. இன்று துருத்தி இல்லை. ஆனாலும் இடது கை தனக்கு வேலை இல்லை என்றே இருக்கிறது. எங்களுக்கு விளங்கிய காரணம் இதுதான்.

இந்தக் கட்டை இருபத்தைந்து வயதில் அவிழ்த்த ஒருவரை எல்லோருக்கும் தெரியும். பண்ணைப்புரத்து இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் ஊர் ஊராக ஆர்மோனியம் வாசித்தவர். 1968இல் சென்னைக்கு வந்தார். மயிலாப்பூரில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்த தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையையும் பியானோவையும் தொடக்கத்திலிருந்து படித்தார். முதல் படம் 'அன்னக்கிளி' 1976இல் வந்தபோது அவருக்கு வயது 32.

அதே 1976இல் சென்னையில் ஒன்பது வயதுப் பிள்ளையொன்று தகப்பனை இழந்தது. தகப்பன் விட்டுப்போன இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் பிழைத்தது. அந்தப் பிள்ளையும் தன்ராஜ் மாஸ்டரின் மாணவராயிற்று. இன்று உலகம் அறிந்த ஏ. ஆர். ரஹ்மான் அவர்தான்.

ஒருவர் பிந்தித் தொடங்கினார், மற்றவர் இல்லாமையில் தொடங்கினார். இருவருக்கும் கிடைத்தது, அடிப்படையிலிருந்து சொல்லிக்கொடுக்க ஒரு ஆசிரியர். எங்கள் மாவட்டத்தில் குறைவது அதுதான். கருவி இப்போது பெரிய தடை இல்லை. 61 கட்டைக் கீபோட்டுக்குக் கம்பியும் இல்லை, கடற்காற்றில் சுருதியும் இறங்காது. ஆனால் கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு பிள்ளை முறையாகப் பழக யாரிடம் போகும்? நம் பாடசாலைகளில் அழகியல் பாடம் என்றால் பெரும்பாலும் சித்திரம்தான்.

இசைக்கருவி பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதில் தீர்ப்புச் சொல்ல எங்களுக்குத் தகுதி இல்லை. ஒவ்வொரு குடும்பமும் தாங்கள் நம்பும் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். பழகலாம் என்று முடிவெடுத்த வீட்டில், "இது நமக்கு வராது, வயது போயிற்று" என்று சொல்லிப் பிள்ளையை நிறுத்த வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள்.

தொடங்கும் பிள்ளைகளுக்கு: முதல் கிழமையிலேயே இடது கைக்குத் தனியாகப் பாடம் கொடுங்கள். ஐந்து விரல், ஐந்து கட்டை, மெதுவாக. பிறகு வலது கை. இரண்டும் தனித்தனியே தடுமாறாமல் போனபின் சேர்த்து வாசியுங்கள். சேர்க்கும்போது வேகத்தைப் பாதியாக்குங்கள். தினமும் இருபது நிமிடம், சனிக்கிழமை மட்டும் மூன்று மணித்தியாலம் உட்காருவதை விட நல்லது. இடது கை முரண்டு பிடிக்கும். அது நூறு வருடம் துருத்தி அமுக்கிய கை, கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

உங்கள் குடும்பத்தில் மூத்த வாப்பாமார் யாராவது ஆர்மோனியம் வாசித்திருந்தால், அந்தப் பெட்டி இன்னும் வீட்டில் இருந்தால், அதைப் பற்றி எழுதுங்கள். முறையாகச் சொல்லிக்கொடுக்கக் கூடியவர்கள் நம் மாவட்டத்தில் இருந்தால் அதையும் தெரியப்படுத்துங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளை அவர்களிடம் அனுப்பி வைக்கிறோம்.