குன்றல் பகுப்பு

குன்றல் பகுப்பு என்பது குரோமோசோம் எண்ணிக்கையைச் சரிபாதியாக்கி இனச்செல்களை உருவாக்கும் செல் பகுப்பு. மியாசிஸ் என்றும் வழங்கும். குரோமோசோம்கள் ஒருமுறை இரட்டித்தபின் செல் இருமுறை பிளவுறுகிறது. இதனால் 46 குரோமோசோம்கள் கொண்ட மனிதச் செல்லிலிருந்து 23 மட்டும் கொண்ட விந்தணுவோ முட்டையோ உண்டாகிறது. கருவுறும்போது எண்ணிக்கை மீண்டும் 46 ஆகிறது.

1876இல் ஜெர்மானியரான ஆஸ்கர் ஹெர்ட்விக், கடல் முள்ளெலியின் முட்டையில் விந்தணுவின் உட்கருவும் முட்டையின் உட்கருவும் இணைவதைக் கண்டார். 1883இல் பெல்ஜியத்தின் எட்வார்ட் வான் பெனெடன், குதிரைக் குடலில் வாழும் உருளைப்புழுவை ஆராய்ந்தார். அதில் குரோமோசோம்கள் மிகச் சில என்பதால் நுண்ணோக்கியில் எளிதாக எண்ண முடிந்தது. முட்டையிலிருந்து 2, விந்தணுவிலிருந்து 2 எனக் கருவில் 4 சேர்வதை அவர் காட்டினார். தாய், தந்தை இருவரின் பங்கும் சமம் என்பது தெளிவாயிற்று.

அப்படியானால் தலைமுறைதோறும் எண்ணிக்கை ஏன் இரட்டிப்பதில்லை? கண்பார்வை குன்றியதால் கோட்பாட்டு ஆய்வில் இறங்கியிருந்த ஆகஸ்ட் வைஸ்மான் 1887இல் விடை கூறினார்: இனச்செல் உருவாகும்போதே மரபுப் பொருளைப் பாதியாக்கும் தனிவகைப் பகுப்பு நடந்தாக வேண்டும். பின்வந்த நுண்ணோக்கி ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. 1902–03இல் அமெரிக்கரான வால்டர் சட்டன், வெட்டுக்கிளியின் விந்துச் செல்களில் குரோமோசோம்கள் இணைசேர்ந்து பிரிவதைக் கண்டு, மெண்டலின் மரபு விதிகளுக்கு அதுவே அடிப்படை என்றார். தியோடர் போவேரியும் இதே முடிவுக்கு வந்தார். 1905இல் பார்மர், மூர் ஆகிய இருவரும் இப்பகுப்புக்கு மியாசிஸ் எனப் பெயரிட்டனர்.

பாதியாக்குவது மட்டுமே இதன் பணி அன்று. இணைசேர்ந்த குரோமோசோம்கள் தமக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன, இது குறுக்கேற்றம். 1931இல் ஹாரியட் கிரைட்டனும் பார்பரா மெக்ளின்டாக்கும் மக்காச்சோளத்தில் இதை நேரடியாக நிறுவினர். ஒரு முனையில் குமிழும் மறுமுனையில் வேறொரு குரோமோசோமின் துண்டும் கொண்ட குரோமோசோமை அடையாளமாக வைத்துக்கொண்டு, விதையின் பண்புகள் இடம் மாறும்போது குரோமோசோம் துண்டுகளும் இடம் மாறியிருப்பதைக் காட்டினர்.

குறுக்கேற்றத்தைக் கணக்கில் கொள்ளாமலே, 23 இணைகள் பிரியும் விதத்தால் மட்டும் ஒரு மனிதரிடம் 83 லட்சத்துக்கும் மேற்பட்ட வகை இனச்செல்கள் உருவாகலாம். உடன்பிறந்தோர் வேறுபடுவதும், இயற்கைத் தேர்வுக்கு வகைமை கிடைப்பதும் இதனால்தான்.

பிரிவதில் பிழை நேர்ந்தால் எண்ணிக்கை மாறும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களிடம் ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதை 1959இல் பிரான்சில் ழெரோம் லெழூனின் குழு வெளியிட்டது. அது 21ஆம் குரோமோசோம். பெண்களிடம் இப்பகுப்பு பிறப்புக்கு முன்பே தொடங்கிப் பாதியில் நின்று, முட்டை வெளிப்படும் காலத்தில்தான் தொடர்கிறது. தாயின் வயது கூடக்கூட இத்தகைய பிழைகள் மிகுவதற்கு இந்த நீண்ட இடைவெளி முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.