எழுத்து முதலா, தாலி முதலா?

வெள்ளவத்தையில வளர்ந்த ஆக்களுக்கு இந்தக் கேள்வி புதுசில்லை: "எழுத்து முடிஞ்சுதோ? விசா எப்ப வருமாம்?" கலியாணப் பதிவைத்தான் எங்கட ஆக்கள் 'எழுத்து' எண்டு சொல்லுறது. என்ர சித்திக்கு எழுத்து முடிஞ்சு ஒன்றரை வருசத்துக்குப் பிறகுதான் லண்டனில தாலி ஏறினது. சட்டப்படி அவ மனைவி. அம்மம்மாவின்ர கணக்கில இன்னும் கலியாணம் ஆகாத பிள்ளை. அந்த ஒன்றரை வருசமும் அவ எந்தக் கொண்டாட்டத்துக்கும் முன்வரிசையில இருந்ததில்லை.

பதிவில்லாத வழக்காற்றுக் கலியாணத்தையும் இலங்கைச் சட்டம் ஏற்றுக்கொள்ளும். ஆனால் தூதரகத்துக்குத் தாலியும் கூறையும் போதாது, சான்றிதழ் வேணும். அதனால்தான் பல வீடுகளில் எழுத்து முன்னுக்கு வந்து, சடங்கு பின்னுக்குப் போனது. எங்கட கலியாண ஒழுங்கை மாற்றியதில் விசா விதிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த விதிகளுக்கு ஒரு கசப்பான வரலாறும் உண்டு.

1979 ஜனவரி 24. இந்தியாவிலிருந்து 35 வயது ஆசிரியை ஒருவர் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்குகிறார். பிரித்தானியாவில் வாழும் ஒருவரை மணக்க வந்தவர். அன்றைய விதிப்படி, மூன்று மாதத்துக்குள் மணம் செய்ய வரும் பெண்ணுக்கு முன்கூட்டிய விசா தேவையில்லை. மனைவியாக வருபவருக்கோ ஊரிலேயே நுழைவுச் சான்று எடுக்க வேணும், அதற்கு நீண்ட வரிசை. 'இவர் ஏற்கெனவே மனைவி, வரிசையைத் தவிர்க்க மணப்பெண் எண்டு பொய் சொல்லுறார்' என்று அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். அதைத் தீர்க்க அவர்மேல் கன்னித்தன்மைப் பரிசோதனை நடத்தினார்கள். ஒரு வாரத்தில் கார்டியன் பத்திரிகை அதை வெளியே கொண்டுவந்தது, நடைமுறை நிறுத்தப்பட்டது. தெற்காசியப் பெண்கள் 80 பேராவது இப்படி நடத்தப்பட்டார்கள் என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகு அரச ஆவணங்களிலிருந்து தெரியவந்தது. 'மணப்பெண்ணா, மனைவியா' என்ற ஒரு படிவக் கேள்விக்காக ஒரு பெண்ணின் உடம்பையே சாட்சியாக்கியிருக்கிறார்கள்.

1980இல் சந்தேகம் ஆண்கள் பக்கம் திரும்பியது. கலியாணத்தின் 'முதன்மை நோக்கம்' பிரித்தானியாவில் குடியேறுவது இல்லை எண்டு கணவனோ மணமகனோ நிரூபிக்க வேணும். இல்லாத ஒரு நோக்கத்தை எப்பிடி நிரூபிக்கிறது? 1985இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், கணவன்மாருக்கு ஒரு சட்டம், மனைவிமாருக்கு ஒரு சட்டம் என்பது பாகுபாடு எண்டு தீர்ப்பளித்தது. பிரித்தானிய அரசு அதற்குக் கண்ட தீர்வு: அந்தக் கடும் சோதனையை மனைவிமாருக்கும் நீட்டியது! 1997 ஜூனில்தான் அந்த விதி ஒழிந்தது.

விதி போனாலும் அது பழக்கிவிட்ட வேலை போகவில்லை. கலியாண அல்பம், கடிதக் கட்டு, கொமினிகேசன் கடையின் தொலைபேசி ரசீது எல்லாம் கோப்புக்குள் போயின. பேச்சுக் கலியாணத்தில் மாப்பிள்ளையை முன்னம் காணாத பெண்ணுக்கு, காதலுக்குரிய சாட்சியங்களைத் திரட்டுவது லேசில்லை. அகதிப் பயணப் பத்திரத்தோடு இருந்த மாப்பிள்ளைகள் இலங்கைக்கு வர ஏலாது. அதனால் இரண்டு வீட்டாரும் இந்தியாவிலோ சிங்கப்பூரிலோ சந்தித்துத் தாலி கட்டின கதைகள் எத்தனை!

தூதரகங்கள் கொழும்பில் இருந்ததால் வடக்கிலிருந்து வந்தவர்கள் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜுகளில் காத்திருந்தார்கள். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட, திரும்பிப் போவதும் கஷ்டமானது. 2007 ஜூன் 7 விடியற்காலை பொலிஸ் லொட்ஜுகளுக்குள் புகுந்து 376 தமிழரை பஸ்களில் ஏற்றி வெளியேற்றியது. கொழும்பில் தங்க அவர்களுக்குத் தக்க காரணம் இல்லையாம். வைத்தியத்துக்கு வந்தவர்களும், வெளிநாடு போகக் காத்திருந்தவர்களும் அதற்குள் இருந்தார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவில், மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிறகு பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். விசாவுக்காகக் காத்திருப்பது ஒரு 'காரணமாகவே' எண்ணப்படாத நாள் அது.

இண்டைக்கும் தெரிவு இலகுவில்லை. பிரித்தானியாவின் மணமகள் விசா ஆறு மாதம்தான், வேலை செய்ய அனுமதி இல்லை, கலியாணம் முடிய மீண்டும் விண்ணப்பித்து மீண்டும் காசு கட்டவேணும். எழுத்தை இங்கேயே முடித்துத் துணை விசாவில் போனால் வந்த நாளிலிருந்தே வேலை செய்யலாம். அங்குள்ளவர் காட்டவேண்டிய ஆண்டு வருமானம் 2012இல் 18,600 பவுண்; 2024 ஏப்ரலில் 29,000 ஆனது. கனடா 2002இல் மணமக்கள் பிரிவையே எடுத்துவிட்டது. அங்கே உள்ளிருந்து விண்ணப்பிப்பதா, வெளியிலிருந்தா என்பதுதான் கேள்வி. வெளியிலிருந்து போடும் குடும்ப 'பொன்சர்' மறுக்கப்பட்டால் மேன்முறையீடு செய்யலாம். உள்ளிருந்து போட்டால் அந்த உரிமை இல்லை.

எங்கட வீடுகளில் 'எது கெதியா வரும்?' எண்டு மட்டும்தான் கேட்கிறோம். 2012 முதல் 2017 வரை கனடாவில், புதிதாகச் சேர்ந்த தம்பதிகள் இரண்டு வருசம் ஒன்றாய் வாழாவிட்டால் வந்தவரின் வதிவிட உரிமை போகலாம் என்றொரு நிபந்தனை இருந்தது. வன்முறைக்கு விதிவிலக்கு இருந்தும், அதை அறியாத பெண்கள் அடிதாங்கி இருக்கவேண்டி வரும் என்று பெண்கள் அமைப்புகள் எதிர்த்தன. பிறகுதான் அது நீக்கப்பட்டது.

ஆகவே படிவம் நிரப்பமுன்னம் இன்னும் மூன்று கேள்விகள் கேட்போம். போய் இறங்கின நாளிலிருந்து அவ வேலை செய்யலாமா? மறுத்தால் முறையிடலாமா? இந்தக் கலியாணம் முறிஞ்சால் அவ அங்கே நிற்கலாமா? மூன்றாவது கேள்வியைக் கலியாண வீட்டில கேட்டால் அபசகுனம் எண்டுவினம். சித்தியிட்ட கேட்டன். "எனக்கு அப்ப ஆரும் சொல்லேல்லை பிள்ளை" எண்டா.