இணுவிலுக்கென்று வந்த வைத்தியர்: டொக்டர் மேரி இரத்தினம் அம்மையார்

நூற்றாண்டு மலர் என்றால் அதிபர்களின் படங்கள், கட்டடங்களுக்கு அடிக்கல் நாட்டிய திகதிகள், விளையாட்டுப் போட்டிகளில் வென்ற கேடயங்கள் என்று ஓர் ஒழுங்கு உண்டு. அவையெல்லாம் இம்மலரிலும் உண்டு. ஆனால் எமது கல்லூரியில் படித்தவரும் அல்லாத, படிப்பித்தவரும் அல்லாத ஒரு பெண்மணிக்குச் சில பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். காரணம் எளிது. இணுவில் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள் எம்மில் எத்தனை பேர்! சுகாதாரமும் மனையியலும் பாடமாகப் படித்தவர்கள், இருபத்தொரு வயதில் வாக்களித்த தாய்மாருக்கும் பேத்திமாருக்கும் பின்வந்தவர்கள், மருத்துவமாது வீடு தேடி வந்து எடை பார்த்துக் குறித்த அட்டையோடு வளர்ந்தவர்கள் எம்மில் அநேகர். இவற்றிற் பலவற்றின் தொடக்கத்தில் கனடாவிலிருந்து வந்த ஒருவரின் பெயர் இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்கென்றே அவர் அனுப்பப்பட்டார். யாழ்ப்பாணத்துக்கு அவர் கிடைக்கவில்லை.

முதலில் இணுவிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, பின்னர் மானிப்பாயில் இருந்து வைத்தியம் பார்த்தார். தமிழிலேயே வைத்திய மாணவர்களைப் பயிற்றினார். மகப்பேற்று மருத்துவ நூலொன்று 1857 இல் தமிழாக்கமாக மானிப்பாயில் வெளிவந்தது. நூல் தமிழில் வந்ததால் வைத்தியரின் முன் பெண் வந்துவிடுவாள் என்பதில்லை. ஆண் வைத்தியர் தொட்டுப் பார்ப்பதற்கு வீட்டார் இடங்கொடுக்காத காலம் அது. பேறு வீட்டின் பின்னறையில், ஊர் மருத்துவிச்சியின் கையில் நடந்தது. கை நல்லதாக இருந்தால் தாயும் பிள்ளையும் தப்பின. சிக்கலென்றால், வண்டி கட்டி மானிப்பாய்க்குப் போவதற்குள் பெரும்பாலும் காலம் கடந்துவிடும். இதைக் கண்ட லீச் சகோதரிகள் என்னும் அமெரிக்க மிஷனரிமார், பெண்களுக்கென்று பெண் வைத்தியர்களே நடத்தும் ஓர் ஆஸ்பத்திரிக்காக வெளிநாடுகளில் பணம் திரட்டினார்கள். அதுவே இணுவில் மக்லியொட் ஆஸ்பத்திரி ஆயிற்று. அதற்கு வைத்தியர்கள் வேண்டியிருந்தார்கள். ஒருவர் டொக்டர் இசபெல்லா கேர். அவருடைய பெயர் இணுவிலில் நிலைத்துவிட்டது. மற்றவராக வரவேண்டியவர் மேரி ஹெலன் இர்வின்.

மேரி 1873 இல் ஒன்ராறியோ மாகாணத்தின் எலோரா என்ற சிற்றூரில் பிறந்தவர். ரொறன்ரோவிலிருந்து காரில் போனால் இரண்டு மணித்தியாலத்துக்குள் சென்றுவிடலாம். எமது கனடாக் கிளையினர் கோடையில் சுற்றுலா போகும் பக்கந்தான். அவர் படித்த காலத்தில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதற்கு 1906 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எனவே பெண்களுக்கென்று 1883 இல் தனியாக ஒரு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கப் பாடுபட்ட எமிலி ஸ்ரோ போன்றவர்கள் வைத்தியர்கள் மட்டுமல்லர், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டவர்களும் ஆவர். அந்தச் சூழலிலே படித்துப் பட்டம் பெற்று, 1896 இல் மிஷன் வைத்தியராக இலங்கைக்குப் புறப்பட்டார் மேரி. உடலை அறிவதும் உரிமையைக் கேட்பதும் ஒன்றோடொன்று ஒட்டியவை என்ற எண்ணம் அவருக்குக் கப்பலில் வந்தது அல்ல; கல்லூரியிலிருந்தே வந்தது என்று நாம் கருதுகிறோம்.

வரும் வழியில் நியூயோர்க்கில் ஒரு காரியம் நடந்தது. அங்கே படித்துக்கொண்டிருந்த சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரத்தினம் என்ற இலங்கைத் தமிழ்க் கிறிஸ்தவரை அவர் மணந்துகொண்டார். மாப்பிள்ளை கிறிஸ்தவர், படித்தவர், மிஷன் எந்த மக்களுக்காகப் பணி செய்கிறதோ அந்த மக்களில் ஒருவர். வேறு எந்த வகையில் பார்த்தாலும் மிஷன் மகிழ்ந்திருக்க வேண்டிய திருமணம். மகிழவில்லை. சுதேசி ஒருவரை மணந்த வெள்ளைப் பெண்ணை வெள்ளையரான மிஷனரிமார் தம்மோடு சமமாக வைத்துக்கொள்ளத் தயாராக இருக்கவில்லை. இணுவிலில் அவருக்கென்று இருந்த இடம் இல்லாமற் போயிற்று.

எமது பெண்கல்விக்கு மிஷனரிமார் செய்த உதவியை நாம் குறைத்துச் சொல்ல வரவில்லை. 1824 இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை வைத்தவர்கள் அவர்கள். அதனால்தான் இதையும் எழுத வேண்டியிருக்கிறது. கடவுளின் முன் எல்லோரும் சமம் என்று பிரசங்கித்தவர்கள், அந்தச் சமம் தமது சாப்பாட்டு மேசைக்கு வந்தபோது தடுமாறினார்கள். யாழ்ப்பாணத்தவருக்கு இது விளங்காத விடயம் அல்ல. சமபந்திப் போசனம் என்ற பேச்சு எழுந்தபோது எமது பாடசாலைகளிலே நடந்தவற்றை மூத்த பழைய மாணவிகள் அறிவார்கள்.

இணுவில் இழந்ததைக் கொழும்பு பெற்றது. பெண்களுக்கென்று புதிதாக அமைந்திருந்த லேடி ஹவ்லொக் வைத்தியசாலையில் மேரி இரத்தினம் சிறிது காலம் பணியாற்றினார். அதன்பின் தனியாகவே வைத்தியம் பார்க்கத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் அதையே செய்தார். கொழும்பில் டி சொய்சா பிரசவ விடுதி 1879 இலேயே திறக்கப்பட்டிருந்தது. இலங்கை மருத்துவக் கல்லூரியும் 1892 இல் முதல் மாணவியாக அலிஸ் டி போயரைச் சேர்த்துக்கொண்டது. ஆனாலும் பெண் வைத்தியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கறுவாத்தோட்டத்து மாளிகைப் பெண்களும் சேரிப் பெண்களும் ஒரே வைத்தியரைத் தேட வேண்டியிருந்தது.

நோயாளியின் கட்டிலருகே நிற்கும்போதே இது மருந்தால் மட்டும் தீருகிற காரியம் அல்ல என்று அவர் கண்டுகொண்டிருக்க வேண்டும். பதினான்கு வயதில் மணமாகி, ஆண்டுக்கொரு பிள்ளை பெற்று, இரத்தம் வற்றி வருகிற பெண்ணுக்கு இரும்புச்சத்து மருந்து கொடுத்தனுப்பினால் அடுத்த ஆண்டு அவள் திரும்பவும் வருவாள், அல்லது வரவே மாட்டாள். ஆகவே சங்கங்கள் அமைக்கத் தொடங்கினார். 1904 இல் இலங்கை மாதர் சங்கம். 1909 இல் கொழும்பில் தமிழ் மாதர் சங்கம். பின்னாளில் கலாலயம் என்ற இசை நடனப் பள்ளியை நடத்திய சங்கம் இதுவே. கனடாவில் பிறந்த ஒருவர் தமிழ்ப் பெண்களின் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவராக இருந்தார் என்பது இன்று வியப்பாகத் தோன்றலாம். அவருடைய பிள்ளைகள் தமிழரின் பிள்ளைகள்; அந்தச் சங்கம் அவருக்கு அயல்வீடு அல்ல. மதுவிலக்கு, சிறைச்சாலைப் பெண் கைதிகளின் நலம் என்று அவர் கைவைத்த வேறு பணிகளும் உண்டு. அவற்றை இங்கே விரிக்க இடமில்லை.

வாக்குரிமையின் கதையைச் சற்று நிதானமாகச் சொல்லுவோம். 1927 இன் இறுதியில் டொனமூர் ஆணைக்குழு இலங்கைக்கு வந்தது. அதே மாதங்களில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைந்தது. அக்னஸ் டி சில்வா அதன் செயலாளர். மேரி இரத்தினம் தொடங்கியவர்களில் ஒருவர். ஆணைக்குழு முன் சாட்சியமளித்த பெண்கள் கேட்டது பெரிய கோரிக்கை அல்ல. படித்த, தகுதியுள்ள பெண்களுக்காவது வாக்கு வேண்டும் என்பதே. தோட்டத் தொழிலாளப் பெண்களுக்கும் வாக்கு வேண்டுமா என்று அங்கே கேட்கப்பட்டபோது, நிச்சயமாக, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்று அக்னஸ் டி சில்வா பதில் கூறினார். கேட்டதற்கு மேலாகவே கிடைத்தது. ஆணைக்குழு முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு என்று சிபாரிசு செய்தது; 1931 இல் நடைமுறைக்கு வந்தபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் இருபத்தொரு வயது என்றாயிற்று. கனடாவின் கியூபெக் மாகாணத்துப் பெண்கள் தமது மாகாணத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமையை 1940 இலும், பிரான்சுப் பெண்கள் 1944 இலுமே பெற்றார்கள்.

எதிர்த்தவர்கள் எம்மவரிலும் இருந்தார்கள். 1913 இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கென்று கல்லூரி நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதை எதிர்த்தார். பெண் படிக்க வேண்டும், வீட்டை ஆள வேண்டும், நாட்டின் காரியம் வேறு என்பது அந்தத் தலைமுறையின் நினைப்பு. அவருக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரிது. இந்த விடயத்தில் மேரி அம்மையாரின் பக்கமே நிற்கிறோம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1931 இல் அரசுப் பேரவைக்கான முதற் தேர்தல் நடந்தபோது யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் நியமனப் பத்திரம் தாக்கல் செய்யவில்லை. வாலிப காங்கிரசின் பகிஷ்கரிப்பு அது. பூரண சுயராச்சியம் தராத அரசியல் திட்டம் வேண்டாம் என்றார்கள். கொள்கை உயர்ந்ததுதான். ஆனால் இலங்கையின் மற்றப் பகுதிப் பெண்கள் வாக்குச்சாவடிக்குப் போன அந்த நாளில் எமது பேத்திமார் வீட்டிலிருந்தார்கள். 1934 இல் தேர்தல் நடந்தபோதே அவர்களுக்கு அந்த வாய்ப்பு வந்தது. கொழும்பு வடக்கிலோ 1932 இலேயே நேசம் சரவணமுத்து என்ற பெண் அரசுப் பேரவைக்குத் தெரிவாகிவிட்டார்.

மேரி இரத்தினம் தாமும் 1937 இல் கொழும்பு மாநகர சபைக்கு பம்பலப்பிட்டி வட்டாரத்தில் போட்டியிட்டு வென்றார். மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண் அவரே. அப்போது வயது அறுபத்து நான்கு. சட்ட நுணுக்கமொன்றைக் காட்டி அவருடைய ஆசனம் அதிக காலம் செல்லுமுன் பறிக்கப்பட்டது. ஓய்ந்திருக்க அவருக்கு நேரமிருக்கவில்லை.

அதே 1937 இல் அவர் இன்னொரு வேலையிலும் இறங்கியிருந்தார். எல்லாவற்றிலும் துணிச்சலானது அதுதான் என்போம். கொழும்பில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிகிச்சை நிலையமொன்றை ஆரம்பித்தார். அந்நாளில் இச்சொல்லை நாலுபேர் நடுவில் சொல்வதே அபசாரம். சமயத் தலைவர்கள் எதிர்த்தார்கள்; பத்திரிகைகளில் எழுதினால் பதில் கடுமையாக வரும். எமது கல்லூரிகளில் உயிரியல் படித்தவர்களுக்கே அந்த அத்தியாயம் எப்படிக் கடந்துபோனது என்பது தெரியும்: ஆசிரியை புத்தகத்தை மூடி, வீட்டில் வாசியுங்கள் என்பார். அந்தச் சிகிச்சை நிலையம் நிலைக்கவில்லை. ஆனால் எண்ணம் நிலைத்தது. 1953 இல் இலங்கைக் குடும்பத் திட்டச் சங்கம் அமைந்தபோது அதில் முன்னின்று உழைத்தவர்களில் டொக்டர் சிவா சின்னத்தம்பியும் ஒருவர். பதினாறு ஆண்டுகளுக்குள் அந்தப் பணியை ஒரு தமிழ்ப் பெண் வைத்தியர் தன் கையில் எடுத்திருந்தார்.

இது ஏன் உயிர்ப் பிரச்சினையாக இருந்தது என்பதற்கு ஓர் எண் போதும். 1930 களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிறப்புகளுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். ஐம்பது பேறுக்கு ஒரு தாய் என்று வைத்துக்கொள்ளலாம். எட்டு, பத்துப் பிள்ளைகள் பெறுகிற காலத்தில் அந்தக் கணக்கை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். ஒவ்வொரு குடும்பத்திலும் “சின்னம்மா பேற்றிலே போனவ” என்ற ஒரு கதை இருப்பது அதனால்தான். இன்று இறப்பு ஒரு இலட்சத்துக்கு நாற்பதுக்கும் கீழ். 1926 இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, பயிற்றப்பட்ட மருத்துவமாதர், மலேரியாக் கட்டுப்பாடு, இலவசக் கல்வி என்று பலவும் சேர்ந்து செய்த மாற்றம் இது. ஒருவருடைய சாதனை என்று யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் மருத்துவமாது ஒருவர் கதவைத் தட்டும்போது உள்ளேயிருக்கும் பெண் கதவைத் திறக்க வேண்டுமே. அதற்கு அவளை யார் ஆயத்தப்படுத்துவது?

மேரி அம்மையாரின் விடை லங்கா மகிளா சமிதி. 1930 இல் தொடங்கியது. அவர் பிறந்த ஒன்ராறியோவிலேதான் 1897 இல் கமக்காரப் பெண்களின் சங்கங்கள் முதன்முதலில் தோன்றின. வங்காளத்தில் மகிளா சமிதிகள் இருந்தன. இரண்டையும் இலங்கைக் கிராமத்துக்கு ஏற்றதாக்கினார். கிராமத்துப் பெண்கள் மாதமொருமுறை கூடி, கிணற்றைச் சுத்தமாக வைத்திருத்தல், மலசலகூடம் அமைத்தல், வீட்டுத் தோட்டம், குழந்தைக்கான உணவு, தையல், நெசவு என்று கற்றுக்கொள்வார்கள். கொழும்பிலிருந்து ஒரு சீமாட்டி வந்து புத்திமதி சொல்லிவிட்டுப் போகும் கூட்டமாக அது இருக்கவில்லை. தலைவியும் பொருளாளரும் அந்தக் கிராமத்துப் பெண்களே. 1941 இல் இச்சமிதியில் சேர்ந்து பொதுவாழ்வைப் பழகிய ஓர் இளம் மனைவி 1960 இல் உலகின் முதற் பெண் பிரதமரானார். சிறிமாவோ பண்டாரநாயக்க அவரே.

பாடசாலைகளுக்கென்று சுகாதார நூலும் மனையியல் நூலும் எழுதினார். 1958 இல் ரமோன் மக்சேசே விருதுகள் முதன்முறையாக வழங்கப்பட்டபோது, பொதுச் சேவைக்கான விருது எண்பத்தைந்து வயதான அவருக்குக் கிடைத்தது. 1962 இல் காலமானார். ஒரு மிஷன் வேண்டாமென்ற பின்னும் அறுபத்தாறு ஆண்டுகள் இந்நாட்டிலேயே வாழ்ந்திருக்கிறார். அவருடைய வாழ்க்கை வரலாற்றைக் கலாநிதி குமாரி ஜயவர்த்தன ஆங்கிலத்தில் எழுதியுள்ளார். கிடைத்தவர்கள் வாசித்துப் பார்க்கலாம்.

எமது சங்கத்தின் ஆவணக் காப்பகத்துக்காக ஒரு வேண்டுகோள். மேரி அம்மையாரின் பாடநூல்களில் ஒரு பிரதியோ, அவருடைய கையெழுத்துடன் கூடிய மருந்துத் துண்டோ, தமிழ் மாதர் சங்கத்தின் ஆரம்பகாலப் படமோ உங்கள் பேத்தியின் றங்குப்பெட்டியில் இருக்கக்கூடும். எந்த நாட்டிலிருந்தாலும் சங்கச் செயலாளருக்கு அறிவியுங்கள். மூலப்பிரதியை அனுப்பத் தேவையில்லை. தெளிவான படம் போதும். படத்தின் பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் மறவாது எடுத்தனுப்புங்கள்.