உலகம் எப்படித் தோன்றியது? விடை சொல்லாத வேதப் பாடல்

உலகத்தைப் படைத்தது யார் என்று கேட்டால், பிரம்மா என்று சட்டென்று பதில் வந்துவிடும். ஆனால் இந்து சமய நூல்களிலேயே மிகப் பழமையான ரிக் வேதத்தில் விடை அவ்வளவு எளிதாகக் கிடைப்பதில்லை.

ரிக் வேதத்தில் 10 மண்டலங்கள், 1028 பாடல்கள் உள்ளன. கடைசி மண்டலத்திலேயே படைப்பைப் பற்றிப் பல விளக்கங்கள் இருக்கின்றன. 90-வது பாடலான புருஷ சூக்தத்தில், ஒரு மாபெரும் புருஷனின் உடலிலிருந்து சூரியன், சந்திரன், மனிதர்கள் எல்லாம் பிறக்கிறார்கள். 121-வது பாடலில் ஹிரண்யகர்ப்பம் என்னும் பொன் கரு முதலில் தோன்றுகிறது.

129-வது பாடலான நாசதீய சூக்தம் முற்றிலும் வேறு மாதிரி. ஏழே செய்யுள்கள்தான். தொடக்கத்தில் இருந்தது ஏதோ 'ஒன்று' என்கிறது; அதற்குப் பெயர் கூட வைக்கவில்லை. தேவர்களும் படைப்புக்குப் பின் வந்தவர்கள்தானாம்! மேலிருந்து உலகைக் கண்காணிப்பவனுக்காவது இதன் தோற்றம் தெரியுமா என்ற சந்தேகத்தோடு பாடல் முடிந்துவிடுகிறது.

இந்தச் சந்தேகத்தை யாரும் நீக்கிவிடவில்லை என்பதுதான் ஆச்சரியம். சொற்களைப் பிரித்தும் முன்பின்னாக மாற்றியும் ஓதும் பதம், கிரமம், ஜடை, கனம் போன்ற முறைகளால், மற்றப் பாடல்களைப் போலவே இதையும் சுமார் மூவாயிரம் ஆண்டுகளாக வாய்மொழியாகக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

பெயரில்லாத அந்த 'ஒன்று' பற்றிய சிந்தனை உபநிடதங்களில் 'பிரம்மம்' என்று வளர்ந்தது. (நான்முகக் கடவுளான பிரம்மா வேறு, பிரம்மம் வேறு.) சாந்தோக்கிய உபநிடதத்தில் உத்தாலகர் தன் மகன் சுவேதகேதுவுக்கு மண்ணை உதாரணம் காட்டுகிறார். பானை, சட்டி என்று பெயர்கள் பல. உள்ளே இருப்பது மண் ஒன்றே.

சரி, ஒன்று எப்படிப் பலவாயிற்று? இங்கேதான் கருத்து வேறுபாடு. பன்மை வெறும் தோற்றமே என்றார் சங்கரர். உலகமும் உயிர்களும் இறைவனின் உடல் என்றார் ராமானுஜர். இறைவன், உயிர், உலகம் மூன்றும் வேறு வேறு என்றார் 13-ம் நூற்றாண்டின் மத்வர். அதே நூற்றாண்டில் தமிழில் 12 சூத்திரங்களில் சிவஞான போதம் தந்தவர் மெய்கண்டார். அவர் வழிவந்த சைவ சித்தாந்தம் அதே மண் உதாரணத்தை வேறு விதமாகச் சொல்கிறது: மாயை மண், இறைவன் குயவன்.

கேள்வி கேட்டால் பக்தி குறைந்துவிடும் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் போற்றும் வேதத்திலேயே மிகப் பெரிய கேள்வி ஒன்று, விடையில்லாமல் அப்படியே இருக்கிறது.